பெரியப்பாவுக்கு வைத்த பரீட்சை

சிங்கப்பூரில் வேலையிலிருந்த சித்தப்பா எனக்கு ஒரு கீபோர்டு அனுப்பினார். கூடவே ஒரு சிடி, கீபோர்டைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருக ஒரு தடித்த வயர். எல்லாம் சரியாக இருந்தது, கரண்டு பிளக் மட்டும் எங்கள் சேலையூர் வீட்டுச் சுவரில் நுழைய மறுத்தது. அப்பா ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனார். பழைய ரேடியோக்களுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் நடுவிலிருந்து அதற்கொரு மாற்றுப் பிளக்கைக் கண்டுபிடித்து, வேட்டையாடியவர் போல வீடு திரும்பினார். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குப் பதினொரு வயது. டீச்சர் யாரும் வேண்டாம், எல்லாவற்றையும் சிடியே சொல்லித்தரும் என்று சித்தப்பா கடிதம் எழுதியிருந்தார்.

சொல்லித்தான் தந்தது. திரையில் ஐந்து கோடுகள், அவற்றின் மேல் கறுப்புப் புள்ளிகள். இடமிருந்து வலமாக ஒரு பச்சைக் கோடு நகர்ந்து வரும். அது புள்ளியைத் தொடும் நேரத்தில் நான் சரியான கட்டையை அழுத்த வேண்டும். அழுத்தினால் புள்ளி பச்சையாகும், பிந்தினால் சிவப்பு. பாட்டு முடிந்ததும் நூற்றுக்கு மார்க். எண்பதைத் தாண்டினால் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து யாரோ கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காக நான் வீட்டுப்பாடத்தை மட்டுமல்ல, சாப்பாட்டையும் விடத் தயாராக இருந்தேன்.

எனக்கு எல்லாமே அதிசயமாக இருந்தது. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே இரண்டு இடங்களில் மட்டும் ஏன் கறுப்பு இல்லை என்று கண்டவர்களையெல்லாம் கேட்டேன். “அப்படித்தான் செஞ்சிருக்கான், விடேன்” என்றார் அப்பா. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து நகர்ந்தால் எட்டுக் கட்டைகளையும் தடுக்காமல் ஏறிவிடலாம் என்று ஒருநாள் பிடிபட்டது. உடனே சமையலறைக்கு ஓடி, அம்மா மாவு தேய்த்துக்கொண்டிருந்த பலகையில் அதைச் செய்து காட்டினேன். எலெக்ட்ரிக் டிரெயினில் போனால் ஜன்னல் கம்பியில் என் விரல்கள் ஓடும். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட நான் மதித்தது அந்தப் பச்சைக் கோட்டைத்தான். அது யாருக்காகவும் நிற்காது. தும்மினாலும் நிற்காது, கொசு கடித்தாலும் நிற்காது.

சிடியில் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. அதில் ஒன்றை அழுத்திப் பார்த்தால், எங்கள் சபையில் வருஷா வருஷம் தமிழில் பாடுகிற அதே ராகம். எங்கள் பாட்டு சிங்கப்பூர் வரை தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. மூன்று வாரத்தில் அதில் தொண்ணூற்றாறு வாங்கினேன்.

சபையில் அந்தப் பாட்டைக் கீபோர்டில் வாசிப்பவர் என் பெரியப்பா. ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காதால் கேட்டே கற்றுக்கொண்டு, முதலில் ஆர்மோனியத்திலும் பிறகு கீபோர்டிலுமாக இருபது வருஷம் ஞாயிறுதோறும் வாசித்துவந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். சபையும் அவரோடு நிற்கும். வேறு சபையிலிருந்து வருகிற விருந்தாளிகள் பாவம், தனியாக அடுத்த வரிக்குள் போய் விழுந்து, வெட்கப்பட்டுத் திரும்பி வருவார்கள்.

நவம்பரில் ஒரு மழை ஞாயிறு, பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பெரியம்மாவுக்கு வீசிங். மழை, பனி, தாளிக்கிற புகை எதுவும் ஆகாது. வாசலில் இருக்கிற நாலு படிக்கே இரண்டாவதில் ஒரு தரம் நின்றுதான் ஏறுவார். அவர் சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் பெரியப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். பச்சைக் கோடு கிளம்பியது. முதல் வரி முடிவில் அவர் வழக்கம்போல நின்றார், கோடு நிற்கவில்லை. புள்ளிகள் வரிசையாகச் சிவந்தன.

“இது என்னம்மா, பின்னாடியே தொரத்திக்கினு வருது?”

“நீங்கதான் நிக்கிறீங்க பெரியப்பா. நிக்கவே கூடாது.”

“பாடறவங்க நிப்பாங்களேம்மா.”

“இதுல யாரும் பாடல.”

முப்பத்தொரு மார்க். கைதட்டல் இல்லை. பெரியப்பா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “நாலு மார்க்ல ஃபெயிலா?” என்று சிரித்தார். “அந்த நாலை நான் போடறேன், வாங்க சாப்பிட” என்றார் பெரியம்மா.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரம் ஞாயிறு பள்ளி முழுக்க அந்த முப்பத்தொன்றைத் தண்டோரா போட்டேன். வாலிபர் சங்கத்து அண்ணன் ஒருவருக்கு அது வெல்லமாக இருந்தது. “உங்க பெரியப்பா வாசிச்சா கிறிஸ்துமஸ் பாட்டு முடியறதுக்குள்ள பொங்கல் வந்துடும். நீ வாசிம்மா இந்த வாட்டி” என்றார். போதகரிடமும் போய்ப் பேசினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறன்று முதல் பாட்டு எனக்கு என்று முடிவாயிற்று.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “இருபது வருஷம் வாசிச்ச மனுஷன்டி. அண்ணன் மனசு என்ன பாடுபடும்?” என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். எனக்கோ பெரியப்பாவின் அந்தக் கீபோர்டு ஸ்டூலில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டு நாள் அழுது காரியத்தைச் சாதித்தேன். அந்த ஞாயிறு காலை பெரியப்பாவே கைக்குட்டையால் ஸ்டூலைத் துடைத்து, என் உயரத்துக்குத் தூக்கிவைத்துவிட்டு, இரண்டாவது பெஞ்சில் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் வாசித்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. முதல் வரி முடிந்து நான் இரண்டாவதற்குப் போனேன், சபை முதல் வரியின் கடைசிச் சுரத்திலேயே நின்றது. திடுக்கிட்டு ஓடி வந்து என்னைப் பிடித்தது. மறுபடி நின்றது. இரண்டாம் சரணத்தில் வாலிபர்கள் என்னோடும், பெரியவர்கள் ஒரு வரி பின்னாலுமாகப் பாட்டு இரண்டாகப் பிளந்தது. போதகர் கையை உயர்த்தினார், நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். மூன்றாவதில் பெரியம்மா பாடுவதை நிறுத்தி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புருஷன் ஸ்டூலில் நான் உட்கார்ந்ததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் சுரத்தை முடித்துக் கையை எடுத்தபோது, எனக்குப் பின்னால் சபை இன்னும் இரண்டு வரி பாட வேண்டியிருந்தது. மொத்தச் சபைக்கும் மனதுக்குள் இருபது மார்க் போட்டேன்.

பிரசங்கத்துக்குப் பிறகு போதகர் பெரியப்பாவை அழைத்தார். அவர் வந்து என் பக்கத்தில் நின்றபடியே வாசித்தார். வரி முடிந்தது, நின்றார். கட்டைகளைப் பார்க்காமல் இரண்டாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எழுந்துவிட்டிருந்தார். வாயை மூடி, தோள் உயர ஒரு மூச்சை இழுத்து உள்ளே வாங்கினார். அதன் பிறகுதான் அடுத்த வரி வந்தது. ஒவ்வொரு வரிக்கும் இப்படியே. எவ்வளவு நேரம் வீணாகிறது என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

“பெரியம்மாவுக்கு என்மேல பொறாமை” என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை. இருந்தும் ஏன் என்று சொல்லவில்லை. சாயங்காலம் அதே பாட்டைக் கம்ப்யூட்டரில் வாசித்துத் தொண்ணூற்றெட்டு வாங்கிக் கைதட்டலோடு ஆறுதல் அடைந்தேன்.

அடுத்த ஐப்பசி மழையில் பெரியம்மா இறந்துபோனார். இரண்டு ஞாயிறு கழித்துப் பெரியப்பா மறுபடி வாசிக்க உட்கார்ந்தார். முதல் வரி முடிந்தது. பழக்கத்தில் சபை நின்றது. அவர் நிற்கவில்லை, நேரே அடுத்த வரிக்குப் போனார். அதற்கடுத்ததிலும் அப்படியே. சபை தடுமாறிக்கொண்டு அவர் பின்னால் போயிற்று. முன் பெஞ்சில் அம்மா பாட முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கோ உள்ளே அப்படி ஒரு சந்தோஷம்.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் கூசிப்போகிறது. “பெரியப்பா, இன்னிக்குத்தான் நீங்க கரெக்ட்டா வாசிச்சீங்க. எங்கயுமே நிக்கல!”

பெரியப்பா கீபோர்டின் மேல் துணியை இழுத்து மூடினார்.

“ஆமாம்மா” என்றார். “இனிமே நிக்க வேண்டாமே.”

ஒருவழியாக அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, அப்பாவிடம் சொல்ல ஓடினேன்.