வட்டத்துக்குள் போன பியாட்ரிஸ் அக்கா

லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பியாட்ரிஸ் அக்காவுக்கு எதையும் நேரில் பார்த்தால்தான் நம்பிக்கை. பால் திரிந்துவிட்டது என்று மகள் சொன்னாலும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிற ரகம். மால் வாசலில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி வேலை அவருக்குப் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் மகள் அனன்யா, தோழிகளோடு ராக் கச்சேரிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஒருத்தன் மேல ஒருத்தன் வுழுந்து இடிச்சுக்கறாங்களாமே. போனே, காலை ஒடிச்சுடுவேன்," என்றார் அக்கா.

அன்றோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பகல் கச்சேரிக்கு லேடீஸ் செக்யூரிட்டி தேவை என்று சூப்பர்வைசர் எத்திராஜ் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மகளிடம் ஒப்பந்தம்.

மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டிய வேலை. எதிரே கருப்பு டிஷர்ட்டுகள், தோள்வரை முடி. பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. திடீரென்று நடுக்கூட்டம் விலகி, பெரிய வட்டமாக இடம்விட்டது.

மாதா கோயில் தேர்க் கூட்டத்தில் வளர்ந்தவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ மயங்கி விழுந்திருக்கிறார்கள், காற்றுக்கு வழி விடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலோடு பாரிகேடுக்கு அடியில் புகுந்து, "தள்ளுப்பா, தள்ளுப்பா" என்று நடுவே போய் நின்றார். அங்கே ஒருவரும் இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் அவரைப் பார்த்துத் திகைத்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது.

அந்த வட்டமே பாய்ந்து இடித்துக்கொள்வதற்காக விட்ட இடம். டிரம்ஸ் வெடித்ததும் நாலு பக்கமிருந்தும் கூட்டம் பாய்ந்தது. அக்கா விழுந்தார்.

"'ஏசுவே'ன்னு முழுசாச் சொல்லல தம்பி, அதுக்குள்ள தூக்கிட்டாங்க," என்றார் என்னிடம். சுற்றிலும் கை கோத்து அரண் கட்டினார்களாம். ஒருத்தி அவருடைய ஷூவை உயரே தூக்கிப் பிடித்து, "யார்து இது?" என்று கத்தினாளாம்.

தூக்கிய பையனை அக்கா சும்மா விடவில்லை.

"ஏம்பா, நீங்களே தள்றீங்க, நீங்களே தூக்குறீங்க. என்னா கணக்கு இது?"

"தள்றது ஜாலிக்கு ஆண்ட்டி. வுழுந்தா தூக்கணும், அது ரூல்."

"யாரு போட்ட ரூலு?"

அவன் யோசித்தான். "தெரியல ஆண்ட்டி," என்று சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

கணவர் இறந்ததிலிருந்து, தான் விழுந்தால் தூக்க ஆளில்லை என்ற பயத்திலேயே நடந்தவர் அவர். அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டதாம். அதை மறைக்காமல் சொன்னார்.

சாயங்காலம் வாசலிலேயே மகள் மறித்துக்கொண்டாள். "போலாமாம்மா?"

"போலாம். ரெண்டு டிக்கெட்டா எடு."

அனன்யாவின் முகம் தொங்கிப்போனது. "நீ எதுக்கு? என்னைக் காவல் காக்கவா?"

"இல்லடி," என்றார் அக்கா, முழங்கையில் தைலத்தைத் தேய்த்தபடி. "இடிக்க."