கடுகில்லாத கொத்து

மொன்ட்ரியாலில் யூதர்களின் பாஸ்கா வாரம். எட்டு நாளும் புளித்த ரொட்டி கிடையாது. நான் தங்கியிருக்கும் வீட்டின் செல்வி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து வீட்டு யூதப் பெண்மணி ரூத்துக்குக் கை முறிந்திருப்பதால் அங்கே போய்ச் சமைக்கிறார். நானும் கூடப் போகிறேன்.

மேசையில் புளிப்பில்லாத அப்பம், மாட்சா. அப்பளம் என்று நினைத்துக் கடித்தால் அட்டை!

அவர்கள் முறைப்படி, யார் சமைத்தாலும் அடுப்பை யூதரான ரூத்தான் பற்றவைக்க வேண்டுமாம். இடது கையால் பற்றவைக்கிறார். கறிவேப்பிலையையும் பூச்சி இருக்கிறதா என்று ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருகிறார். அக்கா மாட்சாவை உடைத்து நனைத்து, வெங்காயம், முட்டையோடு கொத்து ரொட்டி மாதிரியே கிளறுகிறார்.

"வீட்டுல இருந்து கடுகு எடுத்துட்டு வரட்டுமாக்கா?"

"ஐயோ, வேண்டாம். கடுகெண்டா அவவுக்கு உயிர். ஆனா இந்த எட்டு நாளும் அதுவும் ஆகாது."

ரூத் இரண்டு தட்டு சாப்பிடுகிறார்.

வீட்டுக்கு வந்து அக்கா எங்களுக்குப் பருப்பு தாளிக்கிறார். வெங்காயமும் செத்தல் மிளகாயும் மட்டும்.

"இங்கேயும் கடுகு இல்லையா?"

"சுவர் மெல்லிசு தம்பி. கடுகு வெடிக்கிறது கேட்டா, பாவம், மனுசிக்கு வாயூறும்."