ஏற்கெனவே சாரும் கழன்று வரும் கண்ணும்

புதுக் குடையை விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்து, உள்ளே தலையை விட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கைப்பிடியில் இருந்த பொத்தானை அமுக்கியதும் குடை படக்கென்று மூடிக்கொண்டு அவர் தலையைக் கவ்வியது. உள்ளே இருந்தபடியே தீர்ப்பு வந்தது.

"இது ஏற்கெனவே இருக்கே."

"குடைதானேங்க வாங்கிட்டு வரச் சொன்னீங்க" என்றாள் மனைவி. "ஏற்கெனவே இல்லாத குடைக்கு நான் எங்க போவேன்? மழை தூறுது, பிடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர். யாராவது ஒருவர் எதையாவது கண்டுபிடித்து, "இது என் மூளையில் உதித்தது, வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தால், அது நிஜமாகவே புதுசுதானா, இல்லை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனாவது முந்திக்கொண்டானா என்று துருவிப் பார்ப்பது அவர் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். மற்றவர்கள் அதை இலவசமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் மேசைக்கு வருவதெல்லாம் கைபேசி, கேமரா, கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் சாமான்கள். எந்தப் பொருளைக் கண்டாலும் மனசுக்குள்ளேயே அதைக் கழற்றிப் பரப்பிவிடுவார். "இதுல கேமரா, அது இருக்கு. இதுல பேட்டரி, அதுவும் இருக்கு. ரெண்டையும் சேத்திருக்காங்க. சேக்கறது யாருக்கும் தோணுமே." இப்படி அவர் விரலை மடக்க மடக்க, எதிரில் உட்கார்ந்திருக்கும் கண்டுபிடிப்பாளரின் முகம் இஸ்திரி போட மறந்த சட்டை மாதிரி ஆகிவிடும். அலுவலகத்தில் அவருக்கு 'ஏற்கெனவே சார்' என்று பெயர். வாசலில் நிற்கும் காவலாளிகூட அப்படித்தான் சொல்வார். நிஜப் பெயரைக் கேட்டால் யோசிப்பார்.

இந்த வியாதி அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இறக்கை முளைத்த ஊதா நிற யானையை வரைந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இறக்கை வெச்ச யானை ஏற்கெனவே இருக்கு கண்ணு. ஊதா நிறம்ங்கிறது சும்மா நிறம் மாத்தினது, அது கணக்குல வராது" என்றார். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். புதுத் தோழி யார் கிடைத்தாலும் முதலில் இந்தக் கதையைச் சொல்லித்தான் நட்பை ஆரம்பிக்கிறாளாம். மனைவியிடம் அதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. "என்னை மொதல்ல பாத்தப்ப இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? இந்த முகத்தை எங்கயோ பாத்திருக்கேனேன்னார். நான் ஏதோ ஜென்ம பந்தம்னு நினைச்சு ஏமாந்துட்டேன்."

அவரைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்த, அவருக்கு மட்டும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. முன்பக்கம் அவருக்கு முடி மதில் சுவர் மாதிரி நிற்கும். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்பு ஜன்னல் கண்ணாடியில் பார்த்து மதிலைச் சீவிக்கொள்வார். "எங்க குடும்பத்துல யாருக்கும் முடி கொட்டினதே இல்ல" என்று பக்கத்து மேசை அம்மாளிடம் அடிக்கடி சொல்வார். அந்த அம்மாள் பேட்டரி விண்ணப்பங்களைப் பார்ப்பவர். "அப்படியா சார்" என்று சொல்லிவிட்டு, மேசையின் இழுப்பறைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து சிரித்து முடித்துவிட்டு நிமிர்வார். ஏனென்றால் மதிலுக்குப் பின்னால் பெரிய மைதானம்.

முடிவெட்டும் கடையில் இது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கே துணியைப் போர்த்தும்போதே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துவிடுவார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே யானை நின்றாலும் இறக்கை இருக்கிறதா என்று தெரியாது. வேலை முடிந்ததும் கடைக்காரர் பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து, "பாருங்க சார், சரியா இருக்கா?" என்பார். இவர் எதிரே தெரிகிற மங்கலைப் பார்த்து ராஜா மாதிரி மெல்ல ஒரு தலையாட்டல் ஆட்டுவார். கடைக்காரர் கண்ணாடியைச் சடக்கென்று இறக்கிவிடுவார். வாடிக்கையாளரின் மனம் நோகாமல் இருப்பதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதிதானே.

மனைவி ஏன் சொல்லவில்லை? "சொல்லத்தான் வாயெடுத்தேன். 'அது ஏற்கெனவே தெரியும்'பார். எதுக்கு வீண் பேச்சுன்னு விட்டுட்டேன்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் தையல்கார அம்மாளின் விண்ணப்பம் வந்து சிக்கியது.

அந்த அம்மாள் பெண்களுக்கு உடை தைக்கிறவர். போட்டுப் பார்க்கிற ஒவ்வொருத்தியும் கேட்கிற முதல் கேள்வி, "பின்னாடி எப்படிக்கா இருக்கு?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒரு யோசனை சொன்னார். மருமகன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். மாமியார் சொன்னதைச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து செய்து முடித்தான். முடிப்பதற்குள் அந்த வீட்டில் இருந்த எல்லாப் போனும் ஒரு தடவையாவது ஊமையாகிப் பிழைத்தது. பார்ப்பதற்குச் சாதாரணக் கைபேசி. அதன் கேமரா மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் தனியாகக் கழன்று வரும். பின்னால் காந்தம். எங்கே வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். அது பார்ப்பதைக் கம்பியில்லாமல் கையில் இருக்கும் போனுக்கு அனுப்பும்.

ஏற்கெனவே சார் வழக்கம்போல ஆட்சேபணை மேல் ஆட்சேபணையாகப் போட்டார். மருமகன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினான். கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. அதற்குத்தான் அன்றைக்கு நேர் விசாரணை. அதில் இல்லையென்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. பிறகு அந்தக் கழன்று வரும் கண்ணை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். மாமியாரும் மருமகனும் வேடிக்கை பார்க்கலாம்.

அவர் குடையை மூலையில் சாத்திவிட்டு, மதிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் அவர்கள் இருவரும். சாட்சிக்குப் பக்கத்து மேசை அம்மாள்.

"சுருக்கமாச் சொல்லிடறேன்மா" என்றார். "போனு, கேமரா, கம்பியில்லாம படம் அனுப்பறது, அதுக்கெல்லாம் நீங்க எழுதின பதிலை ஒத்துக்கறேன். ஆனா இதனால என்ன பலன்னு சொல்றீங்க? தன் பின்பக்கத்தைத் தானே பாத்துக்கலாம். அதைத்தான் முடிவெட்டற கடையில கண்ணாடி பிடிச்சு ஏற்கெனவே காட்டறாங்களே."

பக்கத்து மேசை அம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அந்தக் கண்ணாடியை இன்னொருத்தர்தானே சார் பிடிக்கணும்" என்றார் தையல்கார அம்மாள். "பிடிக்கிறவங்க காட்டறதுதான் நமக்குத் தெரியும். நானே எத்தனை பேருக்குப் பிடிச்சிருக்கேன். தையல் லேசாக் கோணியிருந்தா கண்ணாடியையும் லேசாக் கோணலாப் பிடிச்சிடுவேன். சரியாப் போயிடும்."

"அத்தை, இங்க பேசறதெல்லாம் எழுதிக்கறாங்க" என்றான் மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழுதிக்கட்டும் மாப்பிள்ளை. எந்தத் தையல்காரி அப்படிப் பிடிக்கல?"

"இது வாதம் இல்லம்மா, வாக்குமூலம்" என்றார் ஏற்கெனவே சார். "சரி, பொருளைக் காட்டுங்க."

மருமகன் போனிலிருந்து கேமராக் கண்ணைக் கழற்றி, எங்கே ஒட்டலாம் என்று எழுந்தான். அவர் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க ஒட்டக் கூடாது. ஒட்டற ஆளே ஏதாவது வித்தை பண்ணிடலாம். நான் ஒட்டறேன்." அந்த அறையிலேயே பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடமாகத் தேடினார். அவர் நாற்காலிக்குப் பின்னால், அவர் நிராகரித்த விண்ணப்பங்கள் தூங்கும் இரும்பு பீரோ நின்றது. அதன் உச்சியில் கண்ணை டக்கென்று ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மருமகன் போனை நீட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

திரையில் மேசை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் தையல்கார அம்மாள், மருமகன். இந்தப் பக்கம், அவருடைய நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒரு ஆள். அந்த ஆளின் தலை நடுவில் பளபளவென்று வட்டமாக ஒரு வெளி. கூரையில் எரிந்த டியூப்லைட் அதில் முழுசாகத் தெரிந்தது.

"யாரு இது?" என்றார்.

மருமகன் மின்விசிறியைப் பார்த்தான். பக்கத்து மேசை அம்மாள் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது.

"இது இப்ப நடக்கறது இல்ல" என்றார் ஏற்கெனவே சார். குரல் இறுகிவிட்டது. "ஏற்கெனவே எடுத்து வெச்ச படத்தை ஓட்டறீங்க. இதே துணியைப் போட்டுக்கிட்டு, இதே ரூம்ல, எவனோ ஒரு வழுக்கையை என் சீட்ல உக்கார வெச்சு எடுத்திருக்கீங்க. உங்களை இங்க உள்ள விட்டது யாரு? ஆளையாவது கொஞ்சம் பொருத்தமாப் பிடிச்சிருக்கலாம்ல?"

பேனாவைத் திறந்தார். 'செயல்விளக்கம் பொய்யானது. ஆகவே' என்று எழுதவும் எழுதிவிட்டார். மருமகன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. உண்மையைச் சொன்னால் அதிகாரியின் மண்டையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விண்ணப்பம் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மாமியாரைப் பார்த்தான்.

ஊராரின் பின்பக்கத்தைப் பற்றிப் பக்குவமாகச் சொல்லியே பிழைத்தவர் அந்த அம்மாள். "சார், பேனாவைக் கொஞ்சம் தலைக்கு மேல தூக்குங்க" என்றார்.

"எதுக்கு?"

"தூக்குங்களேன். தூக்கினா குறைஞ்சா போயிடுவீங்க?"

தூக்கினார். திரையில் இருந்த வழுக்கையும் பேனாவைத் தூக்கியது. ஆட்டினார். ஆட்டியது. அவர் கண்கள் சுருங்கின. பரிசோதகர் லேசில் விட்டுவிடுவாரா? இடது பக்கம் சாய்ந்தார், அதுவும் சாய்ந்தது. நேராக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்துவிட்டு, அந்த ஆளை ஏமாற்றிப் பிடிக்கிறவர் மாதிரி சடாரென்று குனிந்தார். அவன் அதைவிடச் சடாரென்று குனிந்தான். கடைசியில் பேனாவைத் திருப்பிப் பிடித்து, திரையைப் பார்த்தபடியே, அந்த வெளியின் நட்ட நடுவில் மெல்ல இறக்கினார்.

திரையில் பேனா பட்டது. டக். அந்தச் சத்தம் அவர் மண்டைக்குள் கேட்டது.



"எப்போலேருந்து?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

பக்கத்து மேசை அம்மாள் எத்தனை காலம்தான் அடக்கிக்கொண்டிருப்பார். கோப்புக்குப் பின்னாலிருந்து வந்தது பதில். "ஏற்கெனவே இருக்கு சார்."

அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. ஐயையோ, மனுஷனை அழவைத்துவிட்டோமே என்று மருமகன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அவரிடமிருந்து பழைய மோட்டார் முக்கி முனகிக் கிளம்புகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. அது சிரிப்பு என்று புரிய மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அந்த அறையில் அதை யாரும் கேட்டதில்லை. அதற்கப்புறம் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. தையல்கார அம்மாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேசை அம்மாள் இழுப்பறையைத் தேடாமல் நேராகவே சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து மனைவியை அழைத்தார். "ஏம்மா, என் தலைக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கே, உனக்குத் தெரியுமா?"

"யாருங்க சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"நீங்களேவா? அது எப்படிங்க, யாரும் காட்டாம நீங்களே பாக்க முடியும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் உதட்டில் எப்போதும் தயாராக இருக்கும் அந்த ஒரு சொல் வரவில்லை. தேடிப் பார்த்தார், வரவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார்.

"சார், அப்ப எங்க விஷயம்?" என்றார் தையல்கார அம்மாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

அவர் 'பொய்யானது' என்று எழுதியதை அடித்தார். அதற்கு மேலே, முடிவெட்டும் கடைக் கண்ணாடியைப் பற்றிய ஆட்சேபணையையும் ஒரே கோடாக அடித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர்களுடைய போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், கொடுக்காமல் இன்னொரு தடவை திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைக்கண்ணாடி பிடித்துக் காட்டும் கடைக்காரருக்கு ஆட்டுவாரே, அதே ராஜ தலையாட்டல் ஒன்றை மெல்ல ஆட்டினார். திரையில் அந்த வட்ட வெளியும், டியூப்லைட்டைச் சுமந்தபடி, ஆமாம் என்று ஆடியது.