துரைக்குத் தேவைப்பட்ட திட்டு

என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக அவள் மருத்துவமனையில் படுத்த பிறகுதான். காயம்பட்ட காட்டு விலங்குகளைத் தேற்றும் மையத்தில் பதினோரு வருஷமாகப் பறவைகளுக்குத் தீனி வைக்கிறாள். தீனியோடு திட்டும் உண்டு. ஆந்தை, பருந்து, யாருக்கும் பாரபட்சம் கிடையாது.

அங்கே துரை என்று ஒருத்தன். புறாவைவிடச் சின்ன வல்லூறு. யாரோ குஞ்சிலேயே பிடித்துக் கூண்டில் போட்டு, இறக்கையைக் கெடுத்துவிட்டார்கள் பாவிகள். இனிப் பறக்க மாட்டான். அவள் படுத்த அன்றிலிருந்து அவன் பட்டினி.

மூன்றாம் நாள் மையத்து மிருக டாக்டரம்மா போன் செய்தார். "அண்ணே, எடை இறங்கிட்டே போகுது. இன்னைக்கும் சாப்பிடலன்னா பிழைக்க மாட்டான். அக்கா கோட்டைப் போட்டுட்டு நீங்க ஊட்டிப் பாருங்களேன்."

நான் தையல்காரன். தையல் மிஷினைத் தவிர எதற்கும் தீனி வைத்ததில்லை. அவளுடைய நீலக் கோட்டு அக்குளில் இறுக்க, ஒரு கையில் இடுக்கி, அதில் செத்த சுண்டெலி. மறு கையில் தட்டு. "சாப்பிடு ராஜா, கண்ணுல்ல" என்று கெஞ்சினேன். துரை முதுகைக் காட்டினான். அவன் நெஞ்செலும்பு துருத்தி நின்றது. இவன் செத்துப்போனால் அவளிடம் போய் என்னவென்று சொல்வேன்?

அந்த நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள். டாக்டரம்மா என் பையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊறவச்ச துணியைக் காயப்போட்டீங்களா?"

"ஐயோ, மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா! மூணு நாளா பக்கெட்டுலயே கிடக்குதா? ஒரு ஈரத்துணியைக்கூட உங்களை நம்பி விட முடியலையே! மண்டையில ஏதாவது இருக்கா?"

துரை சடக்கென்று திரும்பினான். எலியைப் பிடுங்கினான். கிழித்தான், விழுங்கினான்! டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நிறுத்தாதே! இன்னும் திட்டு!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவள் கனிவாகக் கேட்டாள். துரை உடனே தலையை நிமிர்த்தி, சாப்பிடுவதை நிறுத்தினான்.

"உன் புதுப் பாத்திரத்தைத் தீய்ச்சுட்டேன்!" என்று புளுகினேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். எலி வால்வரை துரைக்குள்ளே போயிற்று. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அக்கா வேலைக்கு வர இன்னும் ரெண்டு வாரம் ஆகுமே அண்ணே," என்றார் டாக்டரம்மா. "தினமும் ஒரு தப்புக்கு எங்க போவீங்க?"

"அதுக்குன்னு எதுவும் செய்ய வேணாம்மா," என்றேன். "நான் சும்மா இருந்தாலே போதும்."