பல் டாக்டராகப் போன வழியில் ஒரு புளியமரம்

நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதைப் போல ஒரு தொழில் கிடையாது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மேலதிகாரிகள். பிளஸ் டூ முடித்துவிட்டு 'என்ட்ரன்ஸுக்குப் படிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு வீட்டில் கிடந்த என் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கூட்டம், ஊர்வலம், மறியல் என்று இருந்த வருஷங்கள் அவை. தியாகதுருகத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த அப்பா எனக்கு ஒரே ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் பல் மருத்துவக் கல்லூரியில் சீட்டு வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும். எனக்கு யூரியா வாடையே ஆகாது.

ஏன் பல்?

எல்லாப் பிள்ளைகளும் முழு டாக்டருக்கு ஆசைப்படும்போது நான் வாயோடு நின்றுவிட்டது குடும்பத்துக்குப் பெரிய தலைகுனிவு. என் காரணம் ரொம்ப எளிது. நான் பார்த்திருந்த ஒரே பல் டாக்டர் காலையில் சாவகாசமாகக் கடை திறந்தார், மத்தியானம் தூங்கினார், அவரிடம் போன யாரும் செத்ததில்லை. இதைவிட நல்ல உத்தியோகம் எங்கே கிடைக்கும்?

அப்பாவின் அண்ணனான பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஒரு பல்லு புடுங்க அஞ்சு வருசம் படிக்கணுமாடா? சந்தையில ஒருத்தன் குந்திகினு கீறான், பேசிக்கினே புடுங்கறான். சத்தம் கூட வர்றதில்ல."

அரிசி மண்டி மாடியில்

கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் எங்கள் டுடோரியல் நடந்தது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்டர். கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் தவிட்டுத் தூசி மாடிக்கு ஏறும். அவர் ஒரு சமன்பாட்டைத் தொடங்குவார், வகுப்பே தும்மும், அவர் தும்மி முடித்துவிட்டு அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடுவார். பாதி வேதியியலை நான் இன்றுவரை தும்மலோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்விக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பரீட்சை அது. ஒருநாள், விடை சுத்தமாகத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். இருபது வருஷ அனுபவத்தின் சாரத்தை அவர் அப்படியே எடுத்துக் கொடுத்தார்: "தெரிஞ்சதை யோசிச்சுப் போடு. தெரியாததை யோசிக்காமப் போடு. தெரியாததைப் போய் யோசிச்சன்னு வை, கண்டிப்பா தப்பாப் பூடும்."

முதல் நோயாளி

நான் பல்லுக்குப் படிக்கிறேன் என்ற செய்தி மட்டும் ஊரில் பரவியது. இன்னும் படிக்கவே போகவில்லை என்பது பரவவில்லை. டீக்கடையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறப்பார். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டுக்காரர் திரும்பி வாயைத் திறப்பார். நான் அதுவரை திறந்து பார்த்திருந்தது ஒரு தவளையைத்தான், அதுவும் செத்த தவளை.

ரிஷிவந்தியத்திலிருந்து அம்மாவுக்குத் தங்கை முறையாகும் சித்தி ஒருத்தி, வீங்கின தாடையும் கையில் டார்ச் லைட்டுமாக வந்துவிட்டாள். நான் பதறிப்போய், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்க சித்தி என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "இன்னாக்கா உம்புள்ள, படிக்கிறப்பவே வேற டாக்டராண்ட போவச் சொல்றான். படிச்சு முடிச்சான்னா நமக்கு மூஞ்சி குடுத்துப் பேசுவானா?"

பேன்ட் போட்ட மலைவாசி

டுடோரியலில் என் பக்கத்து இடம் பொன்னுசாமிக்கு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்புறம் அவன் ஊர். வீட்டில் சாமையும் தினையும் பயிர். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். எங்களில் உண்மையாகவே படித்தவன் அவன் ஒருத்தன்தான், மற்றவர்கள் தும்மினோம். அவனும் பல் டாக்டர் சீட்டுக்குத்தான் குறி வைத்திருந்தான். மலையில் பல்வலி வந்தால் கீழே இறங்கி வருவதற்குள் வலிக்கே அலுத்துப்போய்விடும் என்பான்.

மலைவாழ் மக்களுக்கான இடத்தில் சேர அவனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பரீட்சை எழுத அது தேவையில்லை. சீட்டு கொடுக்கும் நாளில் மட்டும் கையில் இருந்தாக வேண்டும். துணைக்கு என்னையும் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆபீசர் அவனை நிமிர்ந்து பார்த்து, "மலைக்காரன்ற, பேன்ட் போட்டுக்கினு வந்து நிக்கிற?" என்று திருப்பி அனுப்பினார்.

அடுத்த வாரம் பொன்னுசாமி அவன் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு போனான். ஆபீசருக்கு ஞாபக சக்தி அபாரம். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "போன வாரம் பேன்ட்டு, இந்த வாரம் வேட்டியா? யாருகிட்ட வேசம் போடற?"

எனக்காக விழுந்த மரம்

பரீட்சை கடலூரில். அதற்கு முதல் நாள் காலையிலேயே நானும் பொன்னுசாமியும் பஸ் ஏறினோம். எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு முழுப் புளியமரம் காயோடும் இலையோடும் படுத்திருந்தது. அதன் மேல் வரிசையாக ஆட்கள். நடுவில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்கள் பெரியப்பா.

எனக்கு உயிரே வந்தது. சொந்தப் பெரியப்பா, வழி விடாமல் போவாரா? ஓடிப்போய், நாளைக்குப் பரீட்சை பெரியப்பா, இதை விட்டால் உரக்கடைதான் என்று கெஞ்சினேன். அவர் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "உனக்கு சீட்டு வாங்கித் தரத்தான்டா சோறு தண்ணி இல்லாம இங்க குந்திகினு கீறோம். நீ இன்னாடான்னா பரீட்சைக்குப் போறேன்னு வந்து நிக்கிற. வெக்கமா இல்ல?"

அரசு செலவில் கடலூர்

வயல் வழியாக நடந்தோம். பொன்னுசாமி வரப்பில் வீட்டுக்கூடத்தில் நடக்கிற மாதிரி போனான். நான் ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு நொண்டினேன். உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஏறியதும் போலீஸ் லாரி. வெட்டிப் போட்ட இன்னொரு மரத்துப் பக்கத்தில் இரண்டு வாலிபர்கள், காலெல்லாம் சேறு, கையில் பை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏற்றிவிட்டார்கள்.

அக்கம்பக்கத்து மண்டபமெல்லாம் நிரம்பிவிட்டதால் எங்களைக் கடலூருக்கே கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். கோஷத்துக்கு நடுவில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டே விலங்கியல் புரட்டினோம். எனக்குப் பயத்தில் ஒரு வரியும் ஏறவில்லை. பொன்னுசாமி அமைதியாகப் படித்தான். காலையில் இன்ஸ்பெக்டர் எங்கள் ஹால் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸே ஓடாத நாள்ல ஓசியில கூட்டியாந்து வுட்டுருக்கோம். ஃபெயிலானீங்க, மறுபடி புடிச்சாந்துடுவேன்."

மிஞ்சிப்போன மார்க்

என் மார்க்கைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. யோசித்துப் போட்டதும் தப்பு, யோசிக்காமல் போட்டதும் தப்பு. அப்பா ஒரு வார்த்தை திட்டாமல் உரக்கடை மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை.

பொன்னுசாமிக்கு நல்ல மார்க். பொதுப் போட்டிக்குக் கொஞ்சம் குறைவு. மலைவாழ் மக்களுக்கான இடத்துக்குத் தாராளம். சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. மறுபடி துணைக்குப் போனேன். என் சீட்டு போனதற்கு அழாத நான், அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் ஆத்திரத்தில் அழுதேன். விசாரிக்கிறோம் என்றார்கள், விசாரித்தார்கள். சீட்டு கொடுக்கும் நாள் வந்து, போயும் விட்டது. பொன்னுசாமி நீட்டிய மார்க் ஷீட்டைப் பார்த்து, நாங்கள் போன அன்று ஆபீசர் சொன்னது இதுதான்: "இவ்ளோ மார்க்கு எடுத்துகினு மலைக்காரன்றியே, எப்பிடிப்பா நம்புறது?"

மார்க் கம்மியானதால் நானும், மார்க் ஜாஸ்தியானதால் அவனும், தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று அவரவர் ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.