தெருவைப் பார்த்து நின்ற ஷூ

எதிர் வீட்டு அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தால், பழுப்பு நிற ஷூவைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கும்படி வாசலில் சேர்த்து வைப்பார். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிரிட்ஜ்வாட்டரில் நம்மவர் வீட்டு வாசல்களில் செருப்புகள் குவிந்துதான் கிடக்கும். இப்படி வைப்பவர் அவர் ஒருவரே. இந்தியாவில் உளவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "எப்ப வேணா கிளம்ப வேண்டி வரும் தம்பி" என்பார். வேலையைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவர் மனைவி, ஆன்ட்டிதான் சொல்வார்: "என் பொறந்த நாளுக்கு இவர் ஒரு தடவைகூட ஊர்ல இருந்ததில்ல. எங்க போனார்னும் தெரியாது." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அங்கிள் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சென்ற ஆண்டு ஆன்ட்டிக்கு எழுபது. "இந்தத் தடவை நான் இருக்கணும். ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது" என்று அங்கிள் என்னிடம் வந்தார். டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போவதாக ஆன்ட்டியிடம் சொல்லி, "ரிட்டயர் ஆன அப்புறமுமா?" என்ற கேள்வியையும் வாங்கிக்கொண்டு, முதல் நாளே பெட்டியோடு எங்கள் பேஸ்மென்டில் குடியேறினார்.

மறுநாள் மாலை நண்பர்கள் அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். செருப்புக் குவியல் காட்டிக் கொடுத்துவிடும் என்று, எல்லாவற்றையும் குப்பைப் பைகளில் போட்டுக் கீழே அனுப்பினார் அங்கிள். "அங்கிள், திஸ் இஸ் ஸோ கூல்!" என்று குதித்தாள் என் மகள். கடைசியாக அவர் மட்டும் வெளியே போய்த் தெருவை நோட்டம் விட்டுத் திரும்பினார். விளக்கை அணைத்தோம். இட்லி மாவு தருவதாகச் சொல்லி என் மனைவி ஆன்ட்டியை அழைத்திருந்தாள்.

அங்கிள் ஜன்னல் திரையின் இடுக்கில் கண்ணை வைத்திருந்தார். வாசல்வரை வந்த ஆன்ட்டி குனிந்து எதையோ பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். "ஐயோ, போறாளே!" என்றார் அங்கிள். கராஜின் பக்கக் கதவை நாங்கள் பூட்டுவதில்லை என்பது ஆன்ட்டிக்குத் தெரியும். அதை யாரும் யோசிக்கவில்லை.

சற்று நேரத்தில் அங்கிளின் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது: "டெக்சாஸ்ல வெயில் எப்படிங்க?"

வீடே சிரித்தது. "யாரு காட்டிக் கொடுத்தா?" என்று எங்களை முறைத்தார் அங்கிள்.

"உங்க ஷூதான். ரோட்டப் பாத்து அட்டென்ஷன்ல நிக்குது."

"ஆபரேஷன் ஃபெயில்" என்று அங்கிள் சோபாவில் சாய்ந்தார். "ஆள் வந்தாச்சுல்ல, போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேக்கை வெட்டினார் ஆன்ட்டி.

இப்போதும் ஞாயிறு காலையில் இருவரும் காபிக்கு வருகிறார்கள். அங்கிள் பழக்கப்படி ஷூவை வைத்துவிட்டு உள்ளே வருகிறார். பின்னால் வரும் ஆன்ட்டி குனிந்து, அதை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கிறார். கிளம்பும்போது அங்கிள் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்கிறார்.