அக்காவின் ஊர் எரியவில்லை

"மொதலாண்டு நினைவு மலருக்கு அக்காவப் பத்தி நல்லதா நாலு வரி எழுது, குடும்ப விஷயத்த இதுல இழுக்காத" என்று அண்ணன் போனில் சொன்னார். அக்காவைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி அப்படி எழுத என்னிடம் சரக்கு இல்லை.

அக்கா பிறந்தது வலங்கைமான் பக்கம், குத்தகை நிலத்தில் பாடுபட்ட வீட்டில். அப்பா இறந்ததும், நர்சிங் முடித்த கையோடு குவைத்துக்குப் போனார். அண்ணனை எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஆக்கியதும் எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அக்காதான். தனக்கென்று அவர் வாங்கிக்கொண்டது சின்னச் சின்னப் பீங்கான் வீடுகள் மட்டும். ஒவ்வொரு லீவுக்கும் எங்களுக்கு வாங்கிய துணிமணிக்கு நடுவே ஒரு வீட்டைப் பொதிந்து கொண்டு வருவார். பேக்கரி, தபால் நிலையம், ரயில் நிலையம், கடைசியாக மணிக்கூண்டு வைத்த ஒரு மாதா கோயில். எல்லாக் கூரையிலும் பனி. எங்கள் பக்கத்தில் பனி பெய்த ஒரே ஊர் அதுதான்.

வேலையை விட்டு வந்த பிறகு, கிறிஸ்துமஸ் தோறும் முன்கூடத்தில் குடிலைச் சுற்றி அந்த ஊரை அடுக்குவார். ஒயரிங் எல்லாம் அவர் கைவேலை. கடையில் விற்கும் சீரியல் செட் அவருக்கு ஆகாது.

"அதுல ஒண்ணு போனா எல்லாம் போயிரும்டி. என் ஊர்ல ஒரு வீடு அணைஞ்சா பக்கத்து வீடு எரியணும்" என்பார்.

வீட்டுக்கு வீடு பல்பின் வோல்ட் வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் கோயிலுக்குள் ஒளித்து வைத்த போர்டில் சேர்த்திருந்தார். சாயங்காலம் தெருவில் போகிறவர்கள், "என்னக்கா, ஊர் எரியுதா?" என்று கிண்டலாகக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அண்ணன் உட்கார்ந்ததே இல்லை. "கல்யாணம் ஆகாதவளுக்குப் பொம்மைதான் குடும்பம்" என்று அக்கா காதில் விழும்படியே சொன்னார். அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. "ஆமாப்பா, இந்தக் குடும்பம் எதிர்த்துப் பேசாது" என்றார்.

நோய் முற்றியபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மொதலாண்டுக்குச் சாப்பாடு போடாட்டியும் பரவால்ல. ஊரை ஒரு தடவை எரிய விடு." சத்தியம் செய்து கொடுத்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்ட கையோடு அண்ணன் கோயிலைத் தூக்கிக்கொண்டார். "அக்கா ஞாபகமா இது ஒண்ணு போதும்" என்றாராம். ஒயர்கள் இழுத்தன. கத்தரிக்கோல் வாங்கி அத்தனையையும் நறுக்கினார், அக்கா சம்பளத்தில் எலக்ட்ரிக்கல் படித்தவர். நான் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிற நீங்கள் பலர் அந்தக் கூடத்தில்தான் இருந்தீர்கள். ஒருவராவது வாயைத் திறந்தீர்களா?

போன வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "எந்த வீட்டுக்கு எவ்வளவு வோல்ட்டுங்கறது கோயில்லதாம்மா இருக்கு. குத்துமதிப்பா குடுத்தா பொகைஞ்சிரும்" என்றார். நான்தான் விடாமல் வற்புறுத்தினேன். பேக்கரி புகைந்தது. மற்ற வீடுகளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

கோயிலைக் கேட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். "அது ஷோகேஸ்ல நல்லா செட் ஆயிருச்சு. ஒரு பொம்மைக்கு இவ்வளவு பேச்சா?" என்று வைத்துவிட்டார். ஊர் எரியவில்லை. என் வயிறுதான் எரிகிறது.

அக்காவைத் தாங்கிப் பிடித்து மருந்து கொடுத்த நர்ஸ் பெண்களுக்கும், அடக்கத்துக்கு அலைந்த பங்கு இளைஞர்களுக்கும், பேக்கரிக்குக் காசு வாங்காத எலக்ட்ரீஷியனுக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனுக்கான நன்றி வரியை அச்சில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. கீழே அதற்கு இடம் விட்டிருக்கிறது. கோயில் வீடு வந்து சேர்ந்து, ஊர் எரிந்த பிறகு உங்கள் பிரதிகளைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதித் தருகிறேன்.

அண்ணனுக்கு: